லண்டன் நரிக்கு ஒரு சாட்சி

ராமாமிர்தத்துக்குப் பொறாமை வந்தால் முதலில் காது சிவக்கும். பிறகு சுடும். அன்று காலை சிதம்பரம் மேல வீதியில், லூர்துசாமியின் டீக்கடையில், அந்தக் காதில் ஓர் அப்பளத்தைக் காட்டியிருந்தால் எண்ணெய் இல்லாமலே பொரிந்திருக்கும். அவருடைய நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார்.

உட்கார்ந்திருந்தவர் அந்நியரும் இல்லை. தங்கை தில்லைநாயகியின் வீட்டுக்காரர் ஞானசேகரன், கீரப்பாளையத்துக் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். லண்டனில் மகள் சத்யப்பிரியாவின் பிரசவத்துக்குப் போய்விட்டு முந்தாநாள்தான் வந்திறங்கியிருந்தார். சித்திரை வெயிலில் கழுத்தைச் சுற்றிக் கம்பளி மஃப்ளர். வேர்வை அதன் நுனியில் சேர்ந்து டீ கிளாசுக்குள் சொட்டிக்கொண்டிருந்ததால், மனுஷர் குடிக்கக் குடிக்க டீ குறையவே இல்லை.

லூர்துசாமி கடையில் இரண்டு பெஞ்சும் கை வைத்த ஒரு நாற்காலியும் உண்டு. பெஞ்சு கேட்கிறவர்களுக்கு, நாற்காலி சொல்கிறவருக்கு. பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து, சிதம்பரத்திலிருந்து கிளம்பும் பஸ்களையெல்லாம் விசில் ஊதியே விரட்டிய ராமாமிர்தம், ஓய்வு பெற்ற பிறகு பல காலம் பெஞ்சில்தான் கிடந்தார். நாற்காலி அவருக்கு வந்தது லண்டனால்.

மகன் வீட்டுக்கு ஒரு பனிக்காலத்தில் போய் வந்தார். வந்த புதிதில் உள்ளதை உள்ளபடியே சொன்னார். லண்டனில் ஒரே தொட்டிக்கு இரண்டு குழாய், ஒன்றில் கொதிக்கும், ஒன்றில் உறையும், நடுவில் கையை ஆட்டிக்கொண்டே முகம் கழுவ வேண்டும் என்றார்.

"இங்க மட்டும் என்னா சார், எங்க வூட்ல ஒரு கொழாயில உப்புத் தண்ணி, ஒரு கொழாயில காத்து" என்று பெஞ்சு வடையைக் கடித்தது.

சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடும் என்றார். கொட்டாவி விட்டார்கள். வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போன பார்சல் பொழுதுக்கும் அப்படியே கிடக்கும், ஒருவரும் தொட மாட்டார்கள் என்றார். "அப்ப உள்ள ஒண்ணும் இருக்காது" என்று முடித்துவிட்டார்கள். ரயிலில் பக்கத்தில் இருப்பவனோடு யாரும் பேசுவதில்லை என்றபோது, ஒருவர் எழுந்து கிளம்பியே போய்விட்டார்.

அந்த முதுகைப் பார்த்தபோது ராமாமிர்தத்துக்குள் ஏதோ அவிழ்ந்துகொண்டது. "பூமிக்கடியில ஓடுது பாருங்க ரயிலு, அதுக்கு எறங்கற நகரும் படிக்கட்டு இருக்கே, அது எவ்ளோ நீளம்னா பாதி வழியில டீக்கடை இருக்கு!" என்றார்.

போனவர் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

அவ்வளவுதான். மறுநாள் லண்டன் பஸ் டிரைவர் தாமதமாக வந்ததற்காகக் கீழே இறங்கி ஒவ்வொரு பயணியிடமும் மன்னிப்புக் கேட்டான். அதற்கு மறுநாள் அரண்மனை வாசலில் அசையாமல் நிற்கும் சிப்பாயின் ரோமத் தொப்பிக்குள் குருவி கூடு கட்டியது. முட்டை பொரிந்து குஞ்சு பறக்கும் வரை அவனுக்கு டூட்டி மாற்றக் கூடாது என்று ராணி காலத்துச் சட்டமே இருந்தது. அந்த வாரமே லூர்துசாமி நாற்காலியைத் துடைத்து, "இப்டி வந்து குந்துங்க சார்" என்றார்.

உண்மையில் ராமாமிர்தம் லண்டனைப் பார்த்தது மகன் வீட்டு ஜன்னல் வழியாகத்தான். மகனும் மருமகளும் வேலைக்குப் போவார்கள். இவர் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டிருப்பார். மூச்சுப் புகை படிந்தால் துடைத்துவிட்டு மறுபடி ஒட்டுவார். ஊர் திரும்பியபோது மூக்கு நுனி தட்டையாகி இருந்ததாக அவர் மனைவியே சொல்வாள்.

அந்த ஜன்னல் வழியே அவர் கண்ட ஒரே ஓர் அதிசயம் நரி. இருட்டுகிற நேரத்தில் எதிர்ச்சுவர் ஏறிக் குதித்து வரும். குப்பைத் தொட்டியைக் கவிழ்க்கும். யாருக்கும் பயப்படாமல் தார் ரோட்டில் நடந்து போகும். அத்தனை பெரிய பட்டணத்தின் நடுத்தெருவில் நரி! கேட்பவர்கள் மூர்ச்சையாகிவிடுவார்கள் என்று நம்பித்தான் இதைச் சொன்னார். கடையே சிரித்தது.

"சார், படிக்கட்டுல டீக்கட, சரி. தொப்பியில குருவி, சரி. லண்டன்ல நரியா? அளக்கறதுக்கும் ஒரு அளவு வேணாமா?"

கடலூரில் கெடிலக்கரை மூத்தோர் மன்றம் என்று ஒன்று உண்டு. மாவட்டத்தில் யார் வெளிநாடு போய் வந்தாலும் ஆண்டு விழாவில் மேடையேற்றிப் பேசவைத்துப் பொன்னாடை போர்த்துவது அங்கே வழக்கம். போன வருஷம் ராமாமிர்தம் பேசினார். அங்கேயும் குருவிக்குக் கைதட்டினார்கள், நரிக்குச் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவருக்குப் பின்பக்கம் 'நரி சார்' என்று ஒரு பெயர் நடமாடியது. பொய் சொன்னதற்காகப் பட்டப்பெயர் வந்திருந்தால்கூட மனுஷர் பொறுத்துக்கொண்டிருப்பார். சொன்ன ஒரே உண்மைக்கு வந்ததுதான் நெஞ்சில் மீன் முள்ளாய்க் குத்திக்கொண்டிருந்தது.

இந்த நிலையில்தான் ஞானசேகரனும் அதே லண்டனுக்குப் போனார். திரும்பி வந்தால் படிக்கட்டில் டீக்கடை இல்லை என்பாரே, சிப்பாய் தலையில் பேன்கூட இல்லை என்பாரே என்று ராமாமிர்தத்துக்கு அத்தனை மாதமும் அதே கவலைதான். மாப்பிள்ளை வரும் விமானம் நல்லபடியாக, ஆனால் கொஞ்சம் தாமதமாக வரட்டும் என்று தில்லைக் காளிக்குக் குங்கும அர்ச்சனைகூடச் செய்தார்.

இப்போது நாற்காலியில் உட்கார்ந்து அந்த மாப்பிள்ளை வாயைத் திறந்தார்.

"என்னா படிக்கட்டு! பாதி வழியில டீக்கடன்னு மச்சான் சொல்லும்போது நான் நம்பல. டீ மட்டுமா? சுடச்சுடப் பஜ்ஜி போடறான். நகர்ந்துக்குனே வாங்கணும், நகர்ந்துக்குனே துன்னணும். சட்னிக்குக் கைய நீட்டுறதுக்குள்ள கட மேல போயிடும்!"

பெஞ்சு ஆவென்று வாய் பிளந்தது. ராமாமிர்தத்துக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த நிம்மதி அரை கிளாஸ் டீ வரைக்கும் தாங்கியது.

"பஸ் டிரைவரு மன்னிப்புக் கேட்டான்னு சொன்னாரு இல்ல? எங்க பஸ்ஸு டிரைவரு அழுதுட்டான். நான்தான் இந்த மஃப்ளரால கண்ணத் தொடச்சி வுட்டேன்."

"அந்த மஃப்ளரேவா?" என்று லூர்துசாமி வடைக் கரண்டியோடு ஓடிவந்து தொட்டுப் பார்த்தார்.

"குருவி?" என்று யாரோ கேட்டார்கள்.

"குருவி பழைய கத. நான் போனப்ப கொக்கு. ஒத்தக் கால்ல நிக்குது. கீழ சிப்பாய் ரெண்டு கால், மேல கொக்கு ஒரு கால். ரெண்டும் அசையல!"

ராமாமிர்தத்தின் காது அப்போதுதான் அப்பளப் பதத்துக்கு வந்தது. அவர் பெற்ற குருவி, அதை வளர்த்துக் கொக்காக்கி ஊராருக்குக் காட்டுகிறான்! 'எல்லாம் புளுகு' என்று கத்தலாம். கத்தினால் முதல் புளுகு யாருடையது? அவர் பெஞ்சு நுனியில் பாதி உட்கார்ந்து, ஆறிப்போன டீயை ஊதி ஊதிக் குடித்தார்.

"அப்ப நரி, சார்?" என்று பெஞ்சு கண்ணடித்தது.

ஞானசேகரன் பெரிய மனதோடு சிரித்தார். "வுடுங்கப்பா. மச்சான் வயசுல பெரியவரு."

அன்று மத்தியானமே ராமாமிர்தம் தங்கை வீட்டுக்குப் போனார். தில்லைநாயகி அண்ணனுக்கு வெளிநாட்டுச் சாக்லேட்டை வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"லண்டன்லாம் நல்லா சுத்துனீங்களாம்மா?"

"நீ வேறண்ணா. கொழந்தையக் குளுப்பாட்டறதும் பத்தியம் பண்றதுமா பொழுது போச்சி. இவுரு போன அன்னிக்கே சளி புடிச்சிக் கம்பளிக்குள்ள பூந்தாரு. திரும்ப ஏர்ப்போர்ட்டுக்கு வர அன்னிக்குத்தான் வெளிய வந்தாரு. அந்த மஃப்ளரு மூக்கு சிந்தறதுக்கு வாங்கனது."

லூர்துசாமி ஆசையாகத் தடவிப் பார்த்த மஃப்ளர் கண்முன் வந்துபோனது. இதைவிடப் பெரிய ஆயுதம் உலகத்தில் உண்டா? ஆனால் எடுத்து வீசினால் அது திரும்பி வந்து வீசியவர் மூக்கையே, அந்தத் தட்டை மூக்கையே, பதம் பார்க்கும். ராமாமிர்தம் சாக்லேட்டைக் கடித்தார். அதுகூட மாப்பிள்ளை கொண்டுவந்த சாக்லேட் என்பதால் கசந்தது. இன்னொன்று தின்று பார்த்தார். அதுவும் கசந்தது. டப்பா தீரும் வரை சோதித்துவிட்டுத்தான் எழுந்தார்.

வைகாசியில் மூத்தோர் மன்றத்து ஆண்டு விழா வந்தது. தலைவர் ஆரோக்கியராஜ் போன் செய்தார். பேசவேண்டியது ஞானசேகரன். "நீங்களும் அவசியம் வரணும் சார். வந்து முன்வரிசையில ஒக்காந்து கைதட்டணும்."

இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் கடலூர் போனார்கள். ஜன்னல் சீட்டு ஞானசேகரனுக்கு. பேச்சாளராயிற்றே. முன் சீட்டில் மன்றத்து உறுப்பினர், லால்பேட்டை குலாம் முகம்மது உட்கார்ந்திருந்தார். துணிக்கடையை மகன்களிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர். அதிகம் பேச மாட்டார். பேரீச்சம்பழப் பொட்டலத்தைப் பின்னால் நீட்டி, "எடுத்துக்குங்க" என்றதோடு சரி.

சிப்காட் தொழிற்பேட்டையின் ரசாயன நெடி அடித்ததும் பஸ் மொத்தமும் மூக்கைப் பொத்திக்கொண்டது. ஞானசேகரன் மட்டும் மஃப்ளரை மூக்குக்கு ஏற்றிக்கொண்டார். "இதான் மச்சான் லண்டன் பழக்கம்" என்றார். மஃப்ளரின் பூர்வீகம் தெரிந்திருந்தும் ராமாமிர்தம் பல்லைக் கடித்தார். கடித்த சத்தத்தில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

விழா மஞ்சக்குப்பத்தில், ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில். ஞானசேகரன் மேடையில் ஏறினார். ஏறியவர் இறங்கவில்லை. படிக்கட்டில் டீக்கடையும் பஜ்ஜிக்கடையும் போதாதென்று சலூனும் வந்தது. மேலே தாடியோடு காலை வைத்தவர் கீழே மழுமழுவென்று இறங்கினார். பஸ் டிரைவர் அழுததைச் சொன்னபோது முன்வரிசையில் இரண்டு அம்மாக்களும் அழுதார்கள். கொக்குக்குக் கூடம் எழுந்து நின்று கைதட்டியது. ராமாமிர்தமும் தட்டினார். ஒவ்வொரு தட்டும் தன் கன்னத்தில் விழுவதுபோல் இருந்தது. தன் பொய்யைத் தானே இத்தனை நன்றாகச் சொல்லவில்லையே என்பதுதான் அவரை அறுத்தது. கொக்கு ஏன் அவருக்குத் தோன்றவில்லை? சிதம்பரத்தைச் சுற்றி வயலெல்லாம் கொக்குதானே!

பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். "ஐயா, போன வருஷம் நம்ம ராமாமிர்தம் சார், நடுத்தெருவுல நரி வருதுன்னாரே, நீங்க பாத்தீங்களா?"

கூடம் இப்போதே சிரிக்கத் தயாரானது. ஞானசேகரன் மஃப்ளரைச் சரிசெய்துகொண்டார்.

"நான் லண்டன அலசி எடுத்தவன். நரியும் இல்ல, நரி வாலும் இல்ல. மச்சான் ஏதாவது நாயப் பாத்திருப்பாரு. பாவம், கண்ணாடி மாத்தாம போயிட்டாரு."

சிரிப்பில் மின்விசிறிகள் எதிர்ப்பக்கம் சுற்றின. ராமாமிர்தம் எழுந்தார். காது இரண்டும் லாரி பின்விளக்குபோல் இருந்தன. இவனை இன்றைக்கு இல்லாத குழியில் தள்ளிவிட வேண்டியதுதான் என்று முடிவு கட்டி, அந்த நிமிஷத்தில் முளைத்த ஒன்றைச் சுடச்சுட எடுத்தார்.

"மாப்ள, ஒரு சந்தேகம். பனிக்காலத்துல லண்டன்ல செலைங்களுக்கெல்லாம் கம்பளி சொட்டர் போட்டு வுடுவாங்களே, அதப் பத்தி ஒண்ணும் சொல்லலியே?"

மாப்பிள்ளை திணறுவார், விழிப்பார், தலையைச் சொறிவார், கூடம் புரிந்துகொள்ளும் என்பது திட்டம்.

"ஆமாமா!" என்று ஞானசேகரன் மைக்கைத் தட்டினார். "மறந்தே போயிட்டேன் பாருங்க! செலைக்கெல்லாம் அளவெடுத்துப் பின்னுவாங்க. குதிர மேல ஒரு ராஜா இருந்தாரு. ராஜாவுக்கு சொட்டர் இருந்துது, குதிரைக்கு இல்ல. எனக்கு மனசு கேக்கல. இதே மஃப்ளர அவுத்துக் குதிரைக்குக் கட்டிட்டேன். மறுநாள் சலவ பண்ணி வூட்டுக்கே கொண்டாந்து குடுத்தாங்க!"

கைதட்டலில் மண்டபத்துக் கூரைத் தகடு இரண்டு கழன்று கெடிலம் ஆற்றில் போய் விழுந்ததாக இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறார்கள். ஆரோக்கியராஜ் பேச்சு முடியும் முன்பே பொன்னாடையைப் போர்த்திவிட்டார். பெற்று இன்னும் ஈரம் காயாத பொய், அதையும் அள்ளிக்கொண்டு போய்விட்டான்! ராமாமிர்தம் தொப்பென்று உட்கார்ந்தார். இனி நாற்காலி போனது போனதுதான். நரி சார் என்ற பெயர்தான் மிச்சம்.

அப்போது, பேரீச்சங்கொட்டையைக் கைக்குட்டையில் துப்பிவிட்டு, குலாம் முகம்மது மெல்ல எழுந்தார்.

"நரி உண்டுங்க" என்றார்.

கூடம் திரும்பியது.

"எம் பொண்ணு நௌஷீன் அங்கதான் இருக்குது. போன நோம்புக்கு முன்னாடி நானும் எங்க வூட்டம்மா ஜொஹராவும் போயிட்டு வந்தோம். கறி கழுவிப் போட்ட பையை ஒரு நரி கவ்விக்கினு சுவத்து மேல ஏறி ஓடிச்சி. ஜொஹரா பீவி தொடப்பக் கட்டையத் தூக்கிக்கினு அது பின்னால ஓட, பொண்ணு தடுத்து நிறுத்துனுது. நரிய அடிக்கக் கூடாதாம் அங்க. நெஜம்."

"பாய், நீங்க லண்டன் போனீங்களா? சொல்லவே இல்லியே!" என்றார் ஆரோக்கியராஜ்.

"யாரும் கேக்கலியே" என்றார் குலாம் முகம்மது. அதுவும் நியாயம்தான். லால்பேட்டையில் வீட்டுக்கொருவர் கடல் தாண்டி இருக்கிறார்கள். அங்கே லண்டன் போய் வந்தவரைப் பார்த்தால் "சாப்டாச்சா?" என்றுதான் கேட்பார்கள். அவரும் "ஆச்சி" என்பார். பயணக் கட்டுரை அத்தோடு முடிந்தது.

"அப்ப தொப்பியில கொக்கு? செலைக்கு சொட்டர்?" என்று முன்வரிசை பரபரத்தது.

குலாம் முகம்மது ஞானசேகரனைப் பார்த்தார். பிறகு ராமாமிர்தத்தைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தார்கள்.

"நான் பாத்தது நரி. நரிக்கு நான் சாட்சி. மத்ததுக்கு அவுங்கவுங்க சாட்சி" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

காப்பி நேரத்தில் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. பாதி பொன்னாடையைச் சுற்றி நின்றது. பாதி ராமாமிர்தத்தைச் சுற்றி, "எவ்ளோ பெருசு சார்? கடிக்குமா? ஊளையிடுமா?" என்று மொய்த்தது. பட்டப்பெயர் வைத்தவரே காப்பி கொண்டுவந்து நீட்டினார். ராமாமிர்தத்தின் காது கொஞ்சம் ஆறியது. நடுவில் குலாம் முகம்மது பக்கத்தில் வந்து, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "அந்தப் படிக்கட்டு டீக்கடையில சக்கர ஜாஸ்தி, கவனிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். காப்பி ராமாமிர்தத்தின் மூக்கு வழியாக வந்தது.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் சீட்டை ஞானசேகரன் தானாகவே மச்சானுக்கு விட்டார். ஆலப்பாக்கம் தாண்டியதும் மச்சான் பக்கம் திரும்பினார். பொன்னாடை மடியில் கிடந்தது.

"மச்சான், கோவமா?"

"எனக்கென்னா கோவம்."

"நான் எங்கயும் போவல மச்சான். சளி. இங்க எல்லாரும் எப்டி இருந்துது, எப்டி இருந்துதுன்னு கேட்டாங்க. நீங்க கண்ணால பாத்ததாச்சே, தப்பா இருக்காதுன்னுதான் அதையே சொன்னேன். நரி ஒண்ணுதான் நீங்க வுட்ட ரீலுன்னு நெனச்சி வுட்டுட்டேன்."

ராமாமிர்தம் எதையோ சொல்ல வாயெடுத்தார். மாப்பிள்ளையின் முகத்தில் அத்தனை நம்பிக்கை இருந்தது. கொக்கு வரைக்கும் கட்டிய மாளிகைக்கு அஸ்திவாரம் கெட்டியான கல் என்று நினைத்துக்கொண்டிருக்கிற முகம். வாயை மூடிக்கொண்டார். கொஞ்ச தூரம் போய்க் கேட்டார்.

"ஒங்க ரூம்பு ஜன்னல்ல என்னா தெரிஞ்சிது?"

"சுவரு."

"வேற?"

"சுவத்துல ஒரு பைப்பு. அவ்ளோதான் மச்சான். கொழந்த அழுதா அந்தப் பைப்பத்தான் காட்டுவேன்." ஞானசேகரன் பெருமூச்சு விட்டார். பிறகு நகர்ந்து நெருங்கி உட்கார்ந்தார். "நெஜமாவே வந்துதா? ஜன்னலுக்கு நேராவா?"

அது இளைத்துப்போன நரி. வாலில் பாதி ரோமம் இல்லை. காய்ந்த ரொட்டித் துண்டைக் கவ்விக்கொண்டு, ஒரு தடவை தலை தூக்கி ஜன்னலைப் பார்த்தது. பேத்தி கண்ணாடியில் கையை வைத்தாள். அவ்வளவுதான் நடந்தது. ராமாமிர்தம் அதை அப்படியே சொன்னார், ஒன்றும் சேர்க்காமல்.

ஞானசேகரன் பொன்னாடையைப் பிசைந்துகொண்டே கேட்டார். பரங்கிப்பேட்டைக்குப் பிரியும் ரோடு வந்தபோது, "குடுத்து வச்சவரு மச்சான் நீங்க" என்றார். ராமாமிர்தம் ஓரக்கண்ணால் பார்த்தார். மாப்பிள்ளையின் காது நுனி லேசாகச் சிவந்திருந்தது.

அதைப் பார்த்ததும் மனுஷருக்கு உடம்பெல்லாம் குளுகுளுவென்று ஆகிவிட்டது. சீட்டில் நன்றாகச் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

"ரொட்டியக் கவ்விக்கினு போச்சின்னேனே, சும்மா போவல மாப்ள. ரோட்டக் கடக்கறதுக்கு முன்னாடி நின்னுது. வலது பக்கம் பாத்துது. இடது பக்கம் பாத்துது. செவப்பு லைட்டு எரிஞ்சிது பாருங்க..."